ஆண்டி வார்ஹோல்: சூப் டப்பாவும் மர்லின் முகமும்

கேள்வி: சூப் டப்பாவை அப்படியே வரைந்து வைத்தால் அது எப்படிக் கலை ஆகும்? யார் வேண்டுமானாலும் செய்யலாமே?

பதில்: செய்யலாம்தான். ஆனால் அன்று நியூயார்க்கில் மதிப்பு இருந்தது ஓவியரின் மனக்கொந்தளிப்பைத் தூரிகையில் காட்டும் அரூப ஓவியங்களுக்கு. அமெரிக்க ஓவியர் வார்ஹோல் தன் மனசு எங்கேயும் தெரியாத ஓவியத்தைக் கொண்டுவந்து வைத்தார். கேம்ப்பெல் சூப்பில் அப்போது 32 வகை. வகைக்கு ஒன்றாக 32 கேன்வாஸ். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் கேலரியில், கடைத் தட்டில் அடுக்குவது போல வரிசையாக வைத்தார்கள். ஒன்று 100 டாலர். அருகிலிருந்த வேறொரு கேலரி, நிஜ டப்பாக்களை அடுக்கி, எங்களிடம் விலை மலிவு என்று கேலி செய்தது. கேலரி நடத்திய இர்விங் ப்ளம் தொகுப்பு சிதறக்கூடாது என்று முழுவதையும் 1000 டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டார். இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

32-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் முக்கிய வித்தியாசம் வகையின் பெயர்தான். கடையில் நாம் தேர்ந்தெடுப்பதாக நினைப்பது எவ்வளவு சிறிய விஷயம் என்பது அங்கே கண்ணில் படுகிறது.

கேள்வி: அப்படியானால் நுகர்வு மோகத்தைக் கண்டித்தவரா அவர்?

பதில்: அப்படிச் சொல்வது அவரைப் பாதியாக்கிவிடும். பிட்ஸ்பர்க்கில் 1928-இல் ஓர் ஏழைத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். பெற்றோர் இன்றைய ஸ்லோவாக்கியாவின் மலைக் கிராமத்திலிருந்து குடியேறியவர்கள். 1950-களில் செருப்பு விளம்பரங்களுக்குப் படம் வரைந்தே நியூயார்க்கில் பெயர் வாங்கினார். பணக்காரரும் ஏழையும் ஒரே கோக்கைத்தான் குடிக்கிறார்கள், காசு கூடக் கொடுத்தாலும் அதைவிட நல்ல கோக் கிடைக்காது என்று 1975-இல் வந்த தன் நூலில் சொன்னார். அதை அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பிடித்த பொருள் என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. டெட்ராய்ட் பகுதியில் கெட்டுப்போன டூனா மீன் டப்பாவைச் சாப்பிட்டு இரண்டு பெண்கள் இறந்தார்கள். 1963-இல் அந்தச் செய்தியின் படங்களையே எடுத்து, டப்பாவையும் அந்தப் பெண்களின் சிரித்த முகங்களையும் திரும்பத் திரும்ப அச்சடித்தார். சூப் டப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த டப்பாவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கேள்வி: மர்லின் மன்றோவை ஏன் இத்தனை முறை?

பதில்: ஹாலிவுட் நடிகை மர்லின் இறந்தது 1962 ஆகஸ்டில். சில வாரங்களிலேயே வார்ஹோல் வேலையைத் தொடங்கிவிட்டார். எடுத்துக்கொண்டது 1953-இல் வந்த 'நயாகரா' படத்தின் விளம்பரப் புகைப்படம். அதாவது மர்லினை விற்பதற்காக எடுத்த முகம்.

சிறுவயதில் அவர் அம்மாவோடு போன கிழக்கத்திய மரபுத் தேவாலயத்தில் புனிதர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். 'கோல்ட் மர்லின்' ஓவியத்தில் பெரிய பொன்னிறப் பரப்பின் நடுவே ஒரு சின்ன முகம். அந்தப் புனிதர் படங்களின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

'மர்லின் டிப்டிக்' என்ற இரட்டைப் பலகை ஓவியம் இன்னும் ஆழமானது. மொத்தம் 50 முகங்கள். இடது பக்கம் 25 கண்ணைப் பறிக்கும் நிறங்களில். வலது பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். முறை என்னவோ நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்க்ரீன் பிரிண்டிங்தான். மை அதிகமானால் முகம் அப்பிக்கொள்ளும், குறைந்தால் மங்கிவிடும். வேறு அச்சகத்தில் கழித்துப் போடுகிற பிரதிகளை இவர் அப்படியே வைத்தார். ஒரு முகம் கறுத்துப் போகிறது, வலது ஓரத்தை நெருங்க நெருங்கக் கரைந்தே போகிறது. புகழைப் பற்றி அந்த நூற்றாண்டில் வந்த மிகத் துயரமான ஓவியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கேள்வி: எல்லோருக்கும் 15 நிமிடப் புகழ் என்பது அவர் சொன்னதுதானா?

பதில்: 1968-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்கு வந்த நூலில் அவர் பெயரில் அச்சானது. அது தங்கள் வாக்கியம் என்று வேறு சிலரும் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட அவருடைய 'ஸ்க்ரீன் டெஸ்ட்' படங்களைப் பாருங்கள். வந்தவர்களை கேமரா முன் உட்காரவைத்து, அசையாமல் இருக்கச் சொல்லி, ஒரு பிலிம் சுருள் தீரும்வரை எடுத்தார். முதலில் எல்லோரும் போஸ் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது நிலைக்காமல் போய் நிஜ முகம் வெளியே வருகிறது.

கேள்வி: அடுத்தவர் எடுத்த படம், உதவியாளர் அடித்த அச்சு. பெயர் மட்டும் இவருக்கா?

பதில்: நியாயமான கேள்வி. உதவியாளர்கள் விஷயம் எனக்குப் பெரிதில்லை. அவர் தன் ஸ்டூடியோவுக்குத் தொழிற்சாலை என்றே பெயர் வைத்து வெளிப்படையாகச் செய்தார். மற்றது உறுத்துகிறது. 1964-இல் அவர் காட்டிய பிரில்லோ (பாத்திரம் தேய்க்கும் நார்) பெட்டிகளின் அசல் வடிவமைப்பு ஜேம்ஸ் ஹார்வி என்ற ஓவியருடையது. அவரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? இசைக்கலைஞர் பிரின்ஸின் படத்தை வைத்து வார்ஹோல் செய்த ஓவியத்தை, அவர் இறந்தபின் அவருடைய அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த வழக்கில், 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் நின்றது. அது சரியான தீர்ப்பு.

கேள்வி: நேரில் போக வழியில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: மர்லின் இரட்டைப் பலகை லண்டன் டேட் அருங்காட்சியகத்துடையது, அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். பெரிதாக்கி, வலது பக்கத்தை ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். அப்புறம் டூனா மீன் ஓவியங்கள். சூப் டப்பாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.