லோன் முடியற வரைக்கும் ரூம்லயே கிடக்கணுமா?

கேள்வி: நான் ஈரோட்டுக்காரன், ஐ.டி. வேலை. ஒரு வருஷ ஆன்சைட்ல மியூனிக் வந்து அஞ்சு மாசம் ஆச்சு. மனைவியும் ரெண்டரை வயசுப் பொண்ணும் ஊர்ல இருக்காங்க. வீட்டு லோன் ஓடுது, அதனால முடிஞ்ச வரைக்கும் மிச்சம் பிடிக்கறேன். சனி ஞாயிறு ஆனா சமையல், துணி, தூக்கம், போன், அவ்ளோதான். ரூம்மேட்ஸ் கூப்பிட்டாலும் போறதில்ல. ஒரு தடவை ஏரிக்கரை போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டதுக்கு, "உங்களுக்கென்ன, ஜாலியா இருக்கீங்க"ன்னு மனைவி சொன்னா, அதோட போறதையே விட்டுட்டேன். குடும்பத்தை விட்டுட்டு நான் மட்டும் ஊர் சுத்தறது தப்பா?
– பெயர் வேண்டாம், மியூனிக்

பதில்: தப்பில்ல தம்பி. நீங்க ரூம்ல போர்வைக்குள்ள படுத்துக் கிடந்தா ஈரோட்டுல அவங்களுக்கு ஒரு வேலையும் குறையப் போறதில்ல, லோன்ல ஒரு இ.எம்.ஐ.யும் சீக்கிரம் தீரப் போறதில்ல. நான் இங்க கஷ்டப்பட்டாத்தான் அங்க அவ படற கஷ்டத்துக்கு ஈடாகும்னு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கீங்க, கடிதம் முழுக்க அதுதான் தெரியுது, அந்தக் கணக்கே தப்பு.

உங்க மனைவி சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் வேற மாதிரி எடுத்துக்கறேன். ஊர்ல உள்ள அத்தனை பேரும் ஸ்டேட்டஸ்ல பாக்கற நேரத்துலதான் அவங்களும் பாத்திருக்காங்க, கோவம் அதுலதான்னு தோணுது. அடுத்த தடவை முதல் நாள் ராத்திரியே சொல்லுங்க, நாளைக்கு இந்த ஊருக்குப் போறேன், இத்தனை மணிக்கு வந்துடுவேன்னு. போட்டோ முதல்ல அவங்களுக்கு, அப்புறம்தான் ஸ்டேட்டஸ். அதை விட முக்கியமா இன்னொண்ணு, நாள் முழுக்க ஒத்தை ஆளா ரெண்டரை வயசுக் குழந்தை பின்னாடி ஓடறவங்களுக்கு உங்க ஏரிக்கரை எரிச்சலாத்தான் இருக்கும், அதனால வாரத்துல ஒரு அரை நாளாவது அவங்க அம்மாவோ உங்க அம்மாவோ குழந்தையைப் பாத்துக்கற மாதிரி பேசி வெச்சு, அவங்க தோழியோட வெளிய போகவோ படம் பாக்கவோ சும்மா தூங்கவோ ஏற்பாடு பண்ணிக் குடுங்க, அதுக்கு ஆகற செலவையும் நீங்களே அனுப்புங்க. இதைச் செய்யாம நீங்க மட்டும் சுத்தினீங்கன்னா அப்போ என் பதில் மாறிடும்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். ஆன்சைட் போற முக்கால்வாசிப் பேர் யூரோவை நூறால பெருக்கித்தான் பாப்பாங்க, ஒரு காப்பியைப் பாத்தாலும் கண்ணுல 400 ரூபாய்னுதான் தெரியும். ஆனா உங்க கேஸ்ல பெரிய செலவு ஏற்கனவே முடிஞ்சிருக்க சான்ஸ் அதிகம். ஆபீஸ் போக டாய்ச்லாண்ட் டிக்கெட் வெச்சிருக்கீங்கதானே? 2023 மே மாசம் 49 யூரோல ஆரம்பிச்சாங்க, ஏறி ஏறி 2026 ஜனவரில இருந்து மாசம் 63 யூரோ. அதே டிக்கெட்ல ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், எஸ்-பான்ங்கற புறநகர் ரயில், யு-பான்ங்கற சுரங்க ரயில், டிராம், டவுன் பஸ் எல்லாத்துலயும் போகலாம், ஐ.சி.இ., ஐ.சி. மாதிரி வேக ரயில்ல மட்டும் ஏறக் கூடாது, ஏறி மாட்டினா ஃபைன். ஆக சனிக்கிழமை ரயிலுக்கு உங்களுக்கு எக்ஸ்ட்ரா செலவு ஒரு பைசா கிடையாது, ரூம்ல படுத்திருக்கற ஒவ்வொரு வாரமும் அந்த 63 யூரோல ஒரு பங்கு வீணாத்தான் போகுது. ஆபீஸ் மூலமா வாங்கினா விலை குறையுமான்னு எச்.ஆர். கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. அப்புறம் இது மாசா மாசம் தானா ரின்யூ ஆகற சந்தா, ஊருக்குக் கிளம்பற மாசம் பத்தாம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலைன்னா அடுத்த மாசக் காசும் போயிடும்.

சாப்பாட்டுக்கு டப்பா கட்டிக்குங்க, வெக்கமே வேண்டாம். ஜெர்மனில ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிடுவாங்க, அதனால சனிக்கிழமையே வாங்கி வெச்சு புளிசாதம் கிளறிக்குங்க. மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல இன்னொரு நல்ல பழக்கம் இருக்கு, பழைய பீர் கார்டன்கள்ல குடிக்கறதை மட்டும் அங்க வாங்கினா போதும், சாப்பாடு நாம கொண்டு போகலாம். மேஜை விரிப்பு போடாத பெஞ்சா பாத்து உக்காரணும், விரிப்பு போட்டிருந்தா அது ஆள் வந்து பரிமாறற இடம். பக்கத்து மேஜைல ஒரு பாட்டி வீட்ல இருந்து முள்ளங்கியும் சீஸும் கொண்டு வந்து நறுக்கிட்டிருப்பாங்க, நீங்க ஒரு ஆப்பிள் ஷோர்லே, அதான் சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ், வாங்கிட்டு டப்பாவைத் திறந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பீர் குடிச்சே ஆகணும்னும் இல்ல.

எங்க போறதுன்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். முதல்ல ஆக்ஸ்பர்க். லோக்கல் ரயில்லயே முக்கால் மணி நேரம், கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அங்க ஃபுக்கராய்னு ஒரு குடியிருப்பு, யாகோப் ஃபுக்கர்ங்கற பெரும் பணக்கார வியாபாரி ஊர்ல கஷ்டப்பட்டவங்களுக்காக 1521-ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஆளுங்க குடியிருக்காங்க, வருஷ வாடகை 88 சென்ட். ஆமா, வருஷத்துக்கு. கூடவே தினம் மூணு பிரார்த்தனை சொல்லணும், ராத்திரி பத்து மணிக்கு கேட் மூடினதுக்கு அப்புறம் வந்தா சின்னதா ஒரு தண்டம் கட்டணும். வீட்டு லோன் கட்டற ஆளுக்கு அதைப் பாத்தா வயிறு எரியும், இருந்தாலும் பாருங்க.

எனக்குப் பிடிச்சதுன்னா கோனிக்ஸே ஏரிதான். மியூனிக்ல இருந்து ஃப்ரைலாஸிங்ல மாறி பெர்ஷ்டெஸ்காடன் போய் அங்கிருந்து பஸ், ஒரு வழிக்கே மூணு மணி நேரம் பக்கம் ஆகும், அதனால விடிகாலைல கிளம்பணும். அந்த ஏரில 1909-ல இருந்தே கரண்ட் படகுதான் ஓடுது, அதனால புகையும் கிடையாது, சத்தமும் கிடையாது. நடு ஏரில படகை நிறுத்தி, படகுக்காரர் எந்திரிச்சு எதிர்ல இருக்கற பாறைச் சுவரைப் பாத்து டிரம்பெட் வாசிப்பார், ஒரு வரி வாசிச்சு நிறுத்துவார், பாறை அதையே திருப்பி வாசிக்கும், அவர் அடுத்த வரிக்குப் போவார். முடிஞ்சதும் டிப்ஸ் வாங்க வருவார், சில்லறை வெச்சுக்குங்க. படகு டிக்கெட் தனிக் காசு, மலிவு இல்ல, ஆனா இந்த ஒண்ணுக்கு மட்டும் நூறால பெருக்காதீங்க.

மூணு மணி நேரம் உக்கார முடியாதுன்னா டெகர்ன்ஸே போங்க, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆனா ரயில் போற வழில பிரிஞ்சு பிரிஞ்சு போகும், ஹோல்ஸ்கிர்ஷன்ல ஒரு பகுதி கழண்டு பைரிஷ்செல் பக்கம் போயிடும், அப்புறம் ஷாஃப்ட்லாக்ல இன்னொரு தடவை பிரியும். ஏறறப்போ பெட்டில இருக்கற போர்டைப் படிக்காம உக்காந்தா லெங்ரீஸ்ல போய் இறங்குவீங்க, அதுவும் நல்ல ஊர்தான்னு வெச்சுக்குங்க. ஜூன்ல ஒம்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், அப்போ ஆபீஸ் முடிஞ்சே எஸ்6 புடிச்சு ஸ்டார்ன்பர்க் ஏரிக்குப் போய்ட்டு வரலாம். சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும், ஆனா அது ஆஸ்திரியா, பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கைல இருக்கணும், திரும்பி வர்றப்போ ரயில்ல போலீஸ் ஏறி செக் பண்ணுவாங்க.

ரூம்மேட்ஸ் ஏழு நாள்ல ஆறு நாடுன்னு பிளான் போட்டு வந்தாங்கன்னா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுங்க, அதுக்கு ஆகற காசுல உங்க ஒரு வருஷத்துக்கான சனிக்கிழமை எல்லாம் அடங்கும், அதுல பாதி நாள் பஸ்லயே போயிடும்.

குழந்தைகிட்டப் பேசற நேரம் போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. கோடைல ஊருக்கும் உங்களுக்கும் மூணரை மணி நேரம்தான் வித்தியாசம், சாயங்காலம் நாலரைக்கு நீங்க கூப்பிட்டா அங்க எட்டு மணி, பாப்பா தூங்கறதுக்கு முன்னாடி பிடிச்சுடலாம். ஓடற ரயில்ல இருந்து வீடியோ கால் வேண்டாம், மலைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும், ஸ்டேஷன்ல உக்காந்து நிதானமாப் பேசிட்டு ஏறுங்க.

முடிஞ்சா அவங்க ரெண்டு பேரையும் ரெண்டு வாரம் கூப்பிட்டுக்குங்க. ஃபிளைட்டுக்கு ஆகும், மறுக்கல, ஆனா ஆறு வயசுக்குள்ள குழந்தைக்கு ஷெங்கன் விசா கட்டணமும் இல்ல, ஜெர்மனி ரயில்ல டிக்கெட்டும் இல்ல. சம்மர் நெருங்கினா விசா அப்பாயின்ட்மென்ட் குதிரைக்கொம்பு, இந்த வாரமே ஸ்லாட் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க நாலு ஊர் தனியாப் போய்ட்டு வந்திருந்தா எந்த ஸ்டேஷன்ல லிஃப்ட் வேலை செய்யுது, பாத்ரூம் எங்க இருக்கு, படகுல எந்தப் பக்கம் உக்காந்தா பாப்பாவுக்கு வெயில் படாதுன்னு எல்லாம் தெரிஞ்சிருக்கும்.