ரேடார் திரையில் பொய் எக்கோ: கேள்வி பதில்

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துக் கேடட்களும் செகண்ட் மேட் (கப்பலின் துணை அதிகாரி) தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்டவை. ரேடார் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்பித் திரையில் வைக்கும் புள்ளிதான் எக்கோ; பொருளே இல்லாத இடத்தில் வந்தால் அது பொய் எக்கோ. மைல் என்றால் இங்கே கடல் மைல். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து கடலைப் பற்றிக் கேட்கிறோம் என்று கூச்சப்பட வேண்டாம், கேளுங்கள்.

காட்பாடி: அண்ணா, முன்னால 3 மைல்ல ஒரு கப்பல். பின்னால, சரியா புகைபோக்கி பக்கம், அதே 3 மைல்ல இன்னொரு எக்கோ. வெளிய பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. இன்னாணா இது?

முன்னால் இருக்கும் கப்பல்தான். ஸ்கேனர் (சுழலும் ரேடார் ஆன்டெனா) பின்பக்கம் திரும்பும்போது அலை புகைபோக்கியில் மோதி முன்னே போகிறது, அந்தக் கப்பலைத் தொட்டு அதே வழியில் திரும்புகிறது. ஸ்கேனர் எந்தத் திசையைப் பார்த்ததோ அந்தத் திசையில்தான் ரேடார் புள்ளி வைக்கும். தூரத்தில் கூடுவது ஸ்கேனருக்கும் புகைபோக்கிக்கும் உள்ள இடைவெளி மட்டும். அது சில பத்து மீட்டர், திரையில் தெரியாது. மாஸ்ட், கிரேன், டெக்கில் அடுக்கிய கன்டெய்னர் எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

கண்டுபிடிப்பது இப்படி: ரேடார் அருகே ஒட்டியிருக்கும் மறைவுப் பகுதிப் படத்தை, அதாவது புகைபோக்கியும் மாஸ்டும் ரேடாரை மறைக்கும் திசைகளைக் காட்டும் படத்தை, பார். எக்கோ அந்தப் பகுதிக்குள் இருந்தால் சந்தேகப்படலாம். கெய்னை, அதாவது எக்கோவைப் பெருக்கும் அளவை, கொஞ்சம் குறைத்தால் பொய் முதலில் மங்கும். ஸ்கேனர் வேறு இடத்தில் இருக்கும் இரண்டாவது ரேடாரில் பார். இடம் இருந்தால் 10, 15 டிகிரி திருப்பிப் பார்: நிஜ டார்கெட் தன் ட்ரூ பேரிங்கில் (வடக்கிலிருந்து அளந்த திசையில்) நிற்கும், பொய்யானது புகைபோக்கியோடு சேர்ந்து திரும்பும், இல்லையென்றால் மறையும். குறைத்த கெய்னை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவா. இதைப் பத்துத் தடவை சொல்வேன்.

குடியாத்தம்: பக்கத்துல ஒரு பெரிய கப்பல் போகும்போது அதே திசையில வரிசையா மூணு நாலு எக்கோ வருதே?

இரண்டு கப்பலின் பக்கச்சுவர்களுக்கும் நடுவே அலை பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது. நிஜம் 0.4 மைலில் என்றால் அடுத்தவை 0.8, 1.2, 1.6. இடைவெளி சமம், போகப்போக மங்கல். கிட்டே இருப்பதுதான் நிஜம். கெய்னைக் குறை, பிறகு ஏற்று.

ராணிப்பேட்டை: கிட்ட இருக்கிற கப்பல் வில் மாதிரி ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டுத் தெரியுது சார்.

சைடு லோப்: முக்கியக் கற்றையின் இரு பக்கமும் கசியும் பலவீனமான அலை. தூரம் மாறாது, திசை மட்டும் பரவும். கடல் அலைகளின் எக்கோவை (கிளட்டர்) அடக்கும் சீ கிளட்டர் கன்ட்ரோலை அளவாக ஏற்று. அதிகம் ஏற்றினால் பக்கத்துப் படகும் சேர்ந்து அழியும்.

ஆற்காடு: செகண்ட் ட்ரேஸ் எக்கோ புரியவே இல்ல. மே மாசம் பள்ளிகொண்டா ரோட்ல தெரியற கானல் நீர் மாதிரின்னு ஒருத்தர் சொன்னாரு.

நல்ல கேள்வி, தப்பான உவமை. வெகுதூரத்துப் பொருளின் எக்கோ தாமதமாக வந்து, கிட்டே இருப்பதுபோல் தெரிவதுதான் செகண்ட் ட்ரேஸ். சாலையில் தரை கொதிக்கிறது, ஒளி மேல்நோக்கி வளைகிறது. இங்கே நேர்மாறு. குளிர்ந்த, ஈரமான கடல்காற்றின் மேல் நிலத்திலிருந்து வந்த சூடான, வறண்ட காற்று போர்வை மாதிரி படியும். ரேடார் அலை கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவோடு ஒட்டி வெகுதூரம் ஓடும். செங்கடல், பாரசீக வளைகுடா, அரபிக்கடல் பக்கம் வெயில் காலத்தில் இது சகஜம்.

இப்போது கணக்கு. ஒரு கடல் மைலுக்குப் போய்வர 12.35 மைக்ரோ செகண்ட். ரேடார் நொடிக்கு 1000 துடிப்பு (பல்ஸ்) அனுப்புகிறது என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 1000 மைக்ரோ செகண்ட், அதாவது 81 மைல். 90 மைலில் உள்ள மலையின் எக்கோ அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகு வந்து சேரும். ரேடார் அதைப் புதிய துடிப்பின் பதில் என்று எண்ணி 9 மைலில் போடும்.

உருவமும் கெடும். நேரான கரையின் மிக அருகான இடம் 85 மைல் என்றால் அது 4 மைலில் விழும். அங்கிருந்து 30 டிகிரி தள்ளிக் கரை 98 மைல்; அது 17 மைலில் விழும். நேர்கோடு, நம்மைப் பார்த்துக் கூர்மையான ஆப்பாக மாறிவிடும். ரேஞ்ச் ஸ்கேலை, அதாவது திரை காட்டும் தூர எல்லையை, மாற்று; அதோடு துடிப்பு எண்ணிக்கையும் மாறலாம். துடிப்பு எண்ணிக்கை 800 ஆனால் எல்லை 101 மைல். மலை திரையிலிருந்தே போய்விடும். நிஜமாக இருந்தால் 9 மைலிலேயே நிற்கும். ஆனால் எல்லா ஸ்கேலிலும் துடிப்பு எண்ணிக்கை மாறாது. மாறுகிற ஸ்கேல் எது என்று உன் ரேடார் கையேட்டில் பார்த்து வை.

ஆம்பூர்: இவ்ளோ எதுக்கு? ஏஐஎஸ் இல்லாத எக்கோ பொய்னு விட்டுடலாமே.

விடக்கூடாது. ஏஐஎஸ், அதாவது கப்பல் தன் பெயரையும் இடத்தையும் தானே அறிவிக்கும் கருவி, சர்வதேசப் பயணம் போகும் சரக்குக் கப்பலில் 300 கிராஸ் டன்னேஜிலிருந்துதான் கட்டாயம். நம் கரையோர நாட்டுப்படகுக்கு அது ஏது?

ஆம்பூர்: ஃபைபர் படகு ரேடார்லயே சரியா வராதே. அப்ப வர்றது பொய்தானே?

ஃபைபர் வராது. எஞ்சின் வரும், நனைந்த வலை வரும், ஆட்கள் வருவார்கள். அலைக்குள் இறங்கி ஏறுவதால் நாலு சுற்றுக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். அதைத்தான் கிளட்டர் என்று அழிக்கிறீர்கள்.

வாணியம்பாடி: எல்லாத்தையும் நிஜம்னு எடுத்தா கப்பல் ஓட்டவே முடியாதுங்க.

எல்லாவற்றையும் நிஜம் என்று சொல்லவில்லை. பொய் என்று நிரூபிக்கும்வரை நிஜமாக நடத்து என்கிறேன். ரேஞ்ச் மாற்று, கெய்ன் குறை, அடுத்த ரேடார் பார், பைனாகுலரை எடு: ரெண்டு நிமிஷம். அரைகுறை ரேடார் தகவலை வைத்து அனுமானம் செய்யாதே என்று கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளான கோல்ரெக்ஸின் 7வது விதியே சொல்கிறது.

ஆம்பூர்: ஏஐஎஸ் பொய் சொல்லாதுல்ல?

அந்தக் கப்பலின் ஜிபிஎஸ் தப்பானால் ஏஐஎஸ்ஸும் தப்பான இடத்தைத்தான் சொல்லும். இந்தச் சண்டை போதும்.

அரக்கோணம்: ஆற்றின் குறுக்கே மின்கம்பி போற இடத்துல ஒரு படகு நேரா மோத வர்ற மாதிரி தெரியுமாமே?

ஆமாம். நம் கப்பலிலிருந்து கம்பிக்குப் போடும் செங்குத்துக் கோடு கம்பியைத் தொடும் இடத்தில் மட்டும் எக்கோ கிடைக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் செங்குத்தின் திசை மாறாது, தூரம் மட்டும் குறையும். மோதல் பாதைக்கு அதே அடையாளம்தான். கடல் வரைபடத்தில் கம்பி குறித்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்.

வேலூர்: எனக்கும் புகைபோக்கி பக்கம் எக்கோ சார்.

காட்பாடிக்குச் சொன்னதைப் படி.

திருப்பத்தூர்: சுருள் சுருளா புள்ளிகள்?

வேறொரு ரேடாரின் குறுக்கீடு. குறுக்கீட்டை நீக்கும் ஐஆர் பொத்தானை அழுத்து.

சோளிங்கர்: எந்த கம்பெனி ரேடார் நல்லது?

இந்த இடம் அதற்கில்லை.

பேரணாம்பட்டு: ஒரே திசையில 12 புள்ளி கோடு மாதிரி வந்தா அதுவும் குறுக்கீடா?

இல்லை. அது சார்ட் (SART): ரேடார் அலைக்குப் பதில் அனுப்பும் மீட்புக் கருவி. உயிர்காப்புப் படகில் ஆள் கூப்பிடுகிறான். 3 செ.மீ. எக்ஸ் பேண்ட் ரேடாரில் மட்டும் தெரியும். ஐஆரை அணை, தானியங்கி கிளட்டரை அணை, 6 அல்லது 12 மைல் ஸ்கேல் வை. நமக்கு மிக அருகான புள்ளிதான் அவன் இருக்கும் பக்கம். ஒரு மைலுக்குள் போனால் புள்ளிகள் வில்லாகும், பிறகு வட்டமாகும். அப்போது வேகத்தைக் குறைத்து, வெளியே பார்க்க ஆள் நிறுத்து.