அறுவடைப் பணத்தில் எல்டன் ரிங் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம், தஞ்சாவூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சு, பணம் கணக்கில் ஏறியதும் உனக்குப் பிடித்தது ஒன்று வாங்கிக்கொள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எல்டன் ரிங் என்ற கேம் வாங்க ஆசை. ஹாஸ்டலில் பாதிப் பேர் இது மாதிரி கேமே கிடையாது என்கிறார்கள், மீதிப் பேர் பத்து மணி நேரத்தில் வெறுத்துப்போய் அழித்துவிட்டார்கள். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. அப்பா காசு வீணாகிவிடக் கூடாது, அதுதான் பயம்.

பதில்: தம்பி, முதலில் லேப்டாப்பைப் பார்த்துவிடுவோம். இந்த கேமுக்குக் குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 60 ஜிபி இடம் வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். உன் கார்டு அதைவிடக் கொஞ்சம் இளைத்தது, ஆனாலும் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஆடுகிற அளவுக்கு ஓடும். ரேம்தான் இடிக்கிறது. 8 ஜிபியில் குதிரையில் வேகமாகப் போகும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நிற்கும், சண்டையில் அப்படி நின்றால் செத்தாய். அதனால் லேப்டாப்பில் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறதா என்று பார்த்து, அப்பா தரும் பணத்தில் முதலில் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போடு. கேம் அதற்கு அப்புறம். கேம் பிடிக்காமல் போனாலும் ரேம் உன் படிப்புக்கு உதவும்.

சரி, கேமுக்கு வருவோம். 2022 பிப்ரவரி 25-ல் வந்தது, ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் செய்தது, இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான். என் கருத்தில் அந்த விருதுக்கு முழுத் தகுதி உள்ள கேம், ஆனால் எல்லாருக்குமான கேம் இல்லை. ஏன் என்று ஒரு இடத்தை வைத்தே சொல்கிறேன்.

ஆரம்பக் குகையிலிருந்து வெளியே வந்ததும் லிம்கிரேவ் என்ற பச்சைப் பசேல் நிலம் விரியும். பத்தடி நடந்தால் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் சாலையில் உலாத்திக்கொண்டிருப்பான். ட்ரீ சென்டினல் என்று பெயர். ஆரம்பத்திலேயே நிற்கிறானே, இவனை அடித்துவிட்டுத்தான் போக வேண்டும் போல என்று நானும் போனேன், இரண்டு அடியில் விழுந்தேன், அன்று மாலை முழுக்க அவனிடமே செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புதர் ஓரமாகச் சுற்றிப் போனால் கூரை இல்லாத ஒரு தேவாலயமும் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் வியாபாரியும் இருந்தார்கள், அதற்கப்பால் காடு, ஏரி, சுரங்கம். பதினைந்து மணி நேரம் வேறெங்கெல்லாமோ திரிந்து, டாரென்ட் என்ற குதிரையும் நல்ல வாளும் கையில் வந்தபிறகு அதே சாலைக்குத் திரும்பி வந்து அவனை இரண்டாவது முயற்சியில் சாய்த்தேன். கை நடுங்கியது. அந்த வெற்றி தந்த சந்தோஷத்தை வேறு எந்த கேமும் எனக்குத் தந்ததில்லை.

முடியாத இடத்தை விட்டு வேறு பக்கம் போகலாம், பலமாகித் திரும்பி வரலாம். இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும். உன் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனவர்களில் பலர் மார்கிட் என்ற முதல் பெரிய பாஸிடம், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரியிடம், முட்டி முட்டி மனம் விட்டவர்களாக இருப்பார்கள், கேட்டுப் பார். அவனிடம் தோற்றால் தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் போய்விட வேண்டும். அங்கே சுற்றினால் லெவலும் ஏறும், ஆயுதமும் பலப்படும். முதல் தடவை ஆடுகிறவன் ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கும் வீரர் வகைகளில் அஸ்ட்ராலஜர் என்பதை எடுத்து, தள்ளி நின்று மந்திரம் வீசினால் ஆரம்பம் இன்னும் லேசாகும். ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் மணி ஒன்று அந்தத் தேவாலயத்திலேயே கிடைக்கும், குதிரை கிடைத்தபிறகு அங்கே திரும்பிப் போ. அதைப் பயன்படுத்துவது கேவலம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தைக் குறைக்கிற செட்டிங் கிடையாது. யார் என்ன வேலை சொன்னார்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்று எழுதி வைக்கும் குறிப்பேடு கிடையாது, ஒரு வாரம் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் எந்தக் கதை எங்கே நின்றது என்றே நினைவிருக்காது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதிக்கொண்டேன். பெரிய டிராகன் பக்கத்தில் வந்தால் கேமரா அதன் வயிற்றுக்குள் போய்விடும், அது எங்கே கடிக்கிறது என்றே தெரியாது. நிலவறைகளில் பார்த்த பாஸ்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். கடைசிக் கால்வாசியில், பனிமலை ஏறியபிறகு, எதிரிகளின் அடி நியாயத்தைத் தாண்டிவிடுகிறது என்பது என் எண்ணம். தமிழ் எழுத்துகள் இல்லை, கதை முழுக்கப் பழைய பாணி ஆங்கிலத்தில், பொருள்களின் விவரக் குறிப்புகளில் ஒளிந்திருக்கிறது, அதைப் பொறுமையாகப் படிக்காவிட்டால் கதையே புரியாது. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் கணினியில் வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு, மேல் போகாது. உன் கார்டுக்கு அது ஒரு பொருட்டில்லை, புது மானிட்டர் வாங்கியவர்களுக்குத்தான் வருத்தம்.

நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று உண்டு, மின்வெட்டு. ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் டெல்டாவில் கரண்டை நம்ப முடியாது. லேப்டாப் பேட்டரிக்கு மாறிய அடுத்த நொடி கிராபிக்ஸ் கார்டு தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், சண்டை நடுவில் படம் இழுக்க ஆரம்பிக்கும். இந்த கேமில் நேரடியாக நிறுத்தி வைக்கும் பட்டனும் இல்லை. ஆனால் மெனுவைத் திறந்து, உதவியை அழுத்தி, மெனு விளக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும், இதைப் பழகிக்கொள். சேமிப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், கேம் தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்ளும். சேமிப்புக் கோப்பை வாரம் ஒரு முறை பென்டிரைவில் நகல் எடுத்து வை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு வைத்தால் கரண்ட் மாறும்போது மேசைக் கணினிகூட அணையாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கும் முறைதான் முக்கியம். கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஜூன் கடைசியில் ஒரு பெரிய தள்ளுபடி, டிசம்பர் கடைசியில் ஒன்று. அவசரப்படாமல் அதுவரை பொறு. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை உன் வீரனின் முகத்துக்கு மூக்கு வரைவதில் செலவழிக்காதே! கிடைத்த முகத்தோடு நேராக லிம்கிரேவுக்குப் போய், கொஞ்ச தூரம் ஓடிப் பார், ஐந்தாறு பேரோடு சண்டை போட்டுப் பார், லேப்டாப் சூட்டைக் கையால் தொட்டுப் பார். திக்கினால் அன்றைக்கே திருப்பிக் கொடு. இன்னொன்று, தினம் 2 ஜிபி வரும் மொபைல் டேட்டாவில் 60 ஜிபியை இறக்க ஒரு மாதம் ஆகும், மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருகிற கதைதான். ஃபைபர் இணைப்பு உள்ள நண்பன் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப் போ.

கேள்வி: சார், கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். பையனுக்கு 13 வயது. இந்த கேம்தான் வேண்டும் என்று அடம். ஏற்கெனவே ஒரு மொபைல் கேமில் எங்களுக்குத் தெரியாமல் பணம் கட்டிவிட்டான். இதிலும் அப்படி ஆகுமா?

பதில்: அம்மா, அந்தப் பயம் இதில் வேண்டாம். ஒரு தடவை வாங்கினால் முடிந்தது, உள்ளே காசு கேட்கும் கடை எதுவும் இல்லை. பெரிய விரிவாக்கம் ஒன்று தனி விலைக்கு இருக்கிறது, அதை வாங்காமலேயே முழுக்கதையையும் முடிக்கலாம். இதைப் பெரிய நல்ல விஷயமாக நினைக்கிறேன்.

ஆனால் 13 வயதுக்கு வேண்டாம். ஐரோப்பாவில் 16 வயது, அமெரிக்காவில் 17 வயது என்று தரம் குறித்திருக்கிறார்கள். ரத்தம், சிதைந்த உடல்கள், அருவருப்பான உருவங்கள் நிறைய உண்டு. மூன்று வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், கேம் எங்கும் போகாது, அதற்குள் விலையும் குறையலாம்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு கடையில் எல்டன் ரிங் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி) டிஸ்க் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பாதி இன்ஸ்டால் ஆகும்போது நின்றுவிடுகிறது, திருப்பிப் பார்த்தால் கீறல். கொண்டுபோய்க் கொடுத்தால், பில்லில் விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சடித்திருக்கிறதே என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது அண்ணா?

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டிஸ்க்கின் கீறல் தெரிய ஒரு போட்டோ, நின்றுபோன திரை தெரிய ஒரு போட்டோ, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. சிறு தொகை என்று விட்டுவிட வேண்டாம். வாங்கும்போதே கீறல் இருப்பதைக் காட்டி, அதற்காக விலையைக் குறைத்துத் தந்திருந்தால் மட்டும் உங்கள் பக்கம் பலம் குறையும்.

அடுத்த டிஸ்க்கை கடையிலேயே கடைசிவரை இன்ஸ்டால் செய்து பார்த்து வாங்குங்கள். பழைய பிஎஸ்4-ல் இந்த கேம் வினாடிக்கு 30 ஃபிரேம்தான், ஒவ்வொரு தடவை செத்தபிறகும் லோடு ஆக நேரம் எடுக்கும். இதில் சாவது அடிக்கடி நடக்கும் என்பதால் அந்தக் காத்திருப்பு உங்களைச் சோதிக்கும். டிஸ்க்காக வாங்கியது மட்டும் நல்ல முடிவு. பின்னால் டிஸ்க் போடும் பிஎஸ்5 வாங்கினால் இதே பிஎஸ்4 டிஸ்க்கை வைத்துப் புதிய பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடாக வாங்கியிருந்தால், இறக்க ஆரம்பித்தபிறகு பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

கேள்வி: டெலிகிராமில் 300 ரூபாய்க்கு ஆஃப்லைன் அக்கவுண்ட் தருகிறார்கள். வாங்கலாமா? நைட்ரெயின் என்று இன்னொன்று விலை குறைவாக இருக்கிறதே, அது போதுமா? — நாகப்பட்டினம் வாசகர்.

பதில்: அந்த 300 ரூபாய் கேமுக்கு இல்லை. யாரோ ஒருவரின் கணக்கில் கொஞ்ச நாள் நுழைய விடுகிறார்கள், அவ்வளவுதான். கணக்கை விற்பது ஸ்டீம் விதிகளுக்கு எதிரானது, கடவுச்சொல்லை மாற்றினாலோ கணக்கு முடங்கினாலோ கேம் போச்சு, பில் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. வேண்டவே வேண்டாம்.

நைட்ரெயின் 2025 மே 30-ல் வந்த தனி கேம். அதே உலகத்தின் எதிரிகள் வருவார்கள், ஆனால் மூன்று பேர் சேர்ந்து இணையத்தில் வேகவேகமாக ஆடுவதற்காகச் செய்தது, நிதானமாக ஊர் சுற்றும் அனுபவம் அதில் கிடையாது. உங்களோடு தவறாமல் ஆட இரண்டு நண்பர்களும் நல்ல இணையமும் இருந்தால் வாங்குங்கள். தனியாள் என்றால் முதல் எல்டன் ரிங்கையே தள்ளுபடியில் எடுங்கள். 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டாம், அதற்குள் நுழையவே ரடான், மோக் என்ற இரண்டு பெரிய பாஸ்களை முடித்திருக்க வேண்டும். மோக்கை அடித்த அன்று அதை வாங்கிக்கொள்ளலாம்.