எந்த மனம் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: எனக்கு 36 வயது. திருகோணமலையில் அரச அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். யார் எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு "ஓம்" சொல்லிவிடும். சீட்டுக்கு ஆள் காணாதா, லீவில் நிற்பவரின் ஃபைலா, திருவிழாவுக்குப் பலகாரமா, எல்லாம் என் தலையில். இரவு பிள்ளை படுத்தபிறகு போனை எடுத்தால் வைக்க ஒரு மணியாகும். விடிந்தால் எரிச்சல். "உன்ர மனம் சொல்லுறதைக் கேள்" என்கிறாள் சிநேகிதி. போனை எடு என்பதும் என்ர மனம்தானே? ஒருகாலத்தில் வயலின் படித்தேன், வட இலங்கை சங்கீத சபையின் மூன்றாம் தரம் வரை. இப்போது அது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.
– 'ஓம்' சொல்லிப் பழகியவள், உவர்மலை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போனை எடு என்பதும் உங்கள் மனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது பழக்கம் பேசுகிற பேச்சு. பழக்கம் அவசரப்படும். குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்கும். இருபது முப்பது நிமிடம் இடங்கொடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். உண்மையில் வேண்டியது அப்படி அவசரப்படாது, தணிந்தும் போகாது. வயலினைப் பற்றி ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை. கேள்வியைக் கேட்டு முடித்த பிறகும் அதை எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள்.

ஓம் சொல்வது, இரவில் போன் என்று இரண்டு பழக்கத்தை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கணக்கின் வரவும் செலவுமாகத்தான் தெரிகிறது. பகல் முழுக்க எல்லாருக்கும் ஓம். பிள்ளை படுத்தபிறகுதான் உங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்காத நேரம் கிடைக்கிறது. அதை விட மனமில்லாமல் ஒரு மணிவரை இழுக்கிறீர்கள். போன் கைக்கெட்டுகிறது, அதனால் போன். அதை மட்டும் பிடுங்கினால் அந்த இடத்துக்கு டீவி வரும், இல்லாவிட்டால் பிஸ்கட் பக்கற்.

கோணேசர் கோயிலுக்குப் போய்ப் பாறைமேல் நின்று கடலைப் பார்த்தால் மனம் தெளியத்தான் செய்யும். மான்கள் மேயும் பாதையால் இறங்கிக் கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் அந்தத் தெளிவு பாதி போய்விடும். அதனால் இதைக் கேள்வி வரும் இடத்திலேயே, அலுவலக மேசையிலேயே தொடங்குங்கள்.

முதல் கிழமை எதையும் மாற்ற வேண்டாம். கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி போதும். ஓம் சொன்ன ஒவ்வொரு முறையும் நேரம், கேட்டவர், கேட்டது, உடம்பில் என்ன நடந்தது, ஏன் ஓம் சொன்னீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். இப்படி: "செவ்வாய் 11.20. பக்கத்து மேசை. வியாழன் தன்ர வேலையையும் பார்க்கட்டாம். வயிறு இறுகினது. மாட்டன் எண்டால் முகம் சுளிப்பா." அந்த மணித்தியாலத்துக்குள் எழுதிவிடுங்கள். இரவில் எழுதலாம் என்று விட்டால் அதற்குள் மனம் நல்ல காரணம் ஒன்றைத் தைத்து வைத்திருக்கும்.

ஏழாம் நாள் ஒவ்வொரு வரியிலும் கடைசிப் பகுதியை, அந்தக் காரணத்தை மட்டும் வாசியுங்கள். "என்ன நினைப்பினம்", "பாவமாய் இருந்தது", "எனக்கு விருப்பம்" என்று தானாகவே பிரியும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் குற்ற உணர்வுக்குப் பயந்து செய்வதையும் தன்னுடையது என்று ஏற்றுச் செய்வதையும் வேறு வேறு வகையாகவே பிரித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். களைப்பு மட்டும் வேறு. திருவிழாப் பலகாரம் விருப்பப் பக்கத்தில் வந்தால் அதை விடாதீர்கள்.

இரண்டாம் கிழமை ஒரே ஒரு இடத்தில் மட்டும் கைவையுங்கள். மாமியாரோ மேலதிகாரியோ வேண்டாம், பக்கத்து மேசை போதும். முன்கூட்டியே இப்படி முடிவெடுத்து வையுங்கள்: "மேலதிக வேலை கேட்டால், 'நாளைக்குக் காலமை சொல்லுறன்' என்பேன்." 'இது வந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டி வைக்கும் இந்த முறையைப் பீட்டர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டதால், கேட்பவரின் முகத்துக்கு முன்னால் நின்று எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்குப் பழக வேண்டும். காரணம் சேர்க்காதீர்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றால், "அப்ப வெள்ளிக்கிழமை பாருங்கோவன்" என்று அடுத்த கேள்வி வரும். சொன்னபடி மறுநாள் காலையில் நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் தட்டிக்கழிப்பு.

சீட்டை இடையில் விட வேண்டாம். அது மற்றவர்களின் காசு. இந்தச் சுற்றைக் கட்டி முடித்துவிட்டு அடுத்ததில் சேராமல் நில்லுங்கள்.

'மாட்டன்' என்று சொன்னால் வீட்டில் அடியோ மிரட்டலோ வருமென்ற பயம் இருந்தால் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லாமல் மனமும் தளர்ந்திருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இனி இரவு. ஒருவரும் ஒன்றும் கேட்காத அந்த நேரத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பின்னேரம் விளக்கு வைத்தபிறகு பத்து நிமிடம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "இந்தப் பத்து நிமிசம் என்னட்ட ஒண்டும் கேக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் வயலினுக்கு. போனை இரவு பத்தேகாலுக்கு விறாந்தையில் சார்ஜில் போட்டு மணிச் சத்தத்தைக் கூட்டி விடுங்கள், அவசர அழைப்பென்றால் கேட்கும். காலையில் எழும்ப ஒரு அலாரம் மணிக்கூடு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், அலாரத்துக்கு என்று போன் மூன்றாம் நாளே தலையணைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

21 நாளில் பழக்கம் மாறும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் தானாக ஓடுவதற்கு நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவுமில்லை.

வயலினை எடுத்தவுடன் பழைய வர்ணத்தை வாசிக்கப் பார்க்காதீர்கள். கை வராது, பெட்டியை மூடிவிடுவீர்கள். முதல் மூன்று நாள் சுருதி சேர்த்து வெறுங்கம்பியில் வில் இழுங்கள். பிறகு ஆரம்பப் பாடமான சரளி வரிசை, முதற்காலம் என்ற மெதுவான வேகத்தில் மட்டும். உப்புக் காற்றில் கம்பிகள் கறுத்திருக்கும். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் கம்பிகளைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சின்ன மரத்தூணும் விழலாம். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, கம்பியைக் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். அலுமாரிக்கு மேலே அல்ல, கைக்கெட்டும் உயரத்தில்.