ஐ5 என்றால் எந்த ஐ5? லேப்டாப், பிராட்பேண்ட்: கேள்வி-பதில்

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தால் கடிதங்களும் வந்துவிடும். பாதிப் பேருக்கு லேப்டாப் பிரச்சினை, மீதிப் பேருக்கு வைஃபை. மாடல் எண் எழுதாமல் கேட்டவர்களுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதில் அரைவாசி திட்டுதான் இருக்கும்.

மகள் பிளஸ் ஒன் போகிறாள். கணவருக்கு எக்ஸெல் வேலை. நான் யூடியூப் பார்ப்பேன், கரண்ட் பில் கட்டுவேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே லேப்டாப், 40 ஆயிரத்துக்குள். எதை வாங்கலாம்?
– செங்கல்பட்டு வாசகி

தேவையையும் பணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதற்கே நன்றி. பிராசஸர் இன்டெல் என்றால் ஐ3 1215யூ அல்லது 1315யூ போதும். ஏஎம்டி என்றால் ரைசன் 5 7430யூ, 7530யூ இரண்டில் எது தள்ளுபடியில் வருகிறதோ அது. ரைசன் 7320யூ, 7520யூ என்று மலிவாக ஒரு கும்பல் கிடைக்கும். 7000 என்று பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் முக்கியம். அது 2 என்றால் உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, போதாததற்கு ராமும் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

ராம்தான் உங்கள் வீட்டுக்கு முக்கியம். 8 ஜிபி வாங்கலாம், ஆனால் இன்னொரு ராம் போட ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். மூன்று பேர் மூன்று கணக்கில் லாகின் செய்து, ஆளுக்குப் பத்து குரோம் டேப் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவீர்கள், 8 ஜிபி திணறிவிடும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிக் கிடப்பதால் 16 ஜிபி மாடல் 40-க்குள் மாட்டுவது கஷ்டம். ஸ்லாட் இருந்தால் விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டி 512 ஜிபி. திரை ஃபுல் எச்டி, ஐபிஎஸ். கடையில் லேப்டாப்புக்கு நேராக நின்று பார்த்துவிட்டு வராதீர்கள், பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். ஐபிஎஸ் இல்லாமல் மலிவான டிஎன் வகைத் திரை என்றால் நிறம் வெளுத்துக் காட்டும்.

பணம் கட்டும் முன் முழு மாடல் எண்ணை வாங்கி, ஸ்லாட் இருக்கிறதா என்று அந்த கம்பெனியின் தளத்திலேயே பாருங்கள். கடைப் பையன் சொல்வதை நம்ப வேண்டாம்.

சார், நல்ல லேப்டாப் ஒன்று சொல்லவும். அர்ஜென்ட்.
– ஊர் பெயர் இல்லை

எவ்வளவு பணம், யாருக்கு, என்ன வேலைக்கு? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்பவும்.

512 ஜிபி என்று விற்ற லேப்டாப்பில் 476 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– விருதுநகர்

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. எல்லோருக்கும் 476, 477 என்றுதான் காட்டும்.

ஐ5, 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, புதுசு மாதிரியே இருக்கும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 22 ஆயிரத்துக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?
– திருநெல்வேலி

எந்த ஐ5? ஒவ்வொரு முறையும் இதையே கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐ5 என்பது இன்டெல் பிராசஸருக்கு 2009-லிருந்து இருக்கிற பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணைச் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும். 6300 என்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 10310 அல்லது 1135 என்று 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படியுங்கள்.

எட்டுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஏதோ குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள், அப்டேட் வராமல் நிற்கும்போது அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். பத்தாம் தலைமுறைக்கு மேல், ஆபீஸ்களில் ஓடிவிட்டு வந்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகை என்றால் 22 நியாயமான விலை, செலரான் என்ற மலிவு பிராசஸரோடு வரும் புது லேப்டாப்பைவிட எவ்வளவோ மேல். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, டிசைன் கெப்பாசிட்டியையும் (புதிதில் தாங்கியது) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போது தாங்குவது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் சரி.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். மாடி அறையில் 6, 7-தான் வருகிறது. கஸ்டமர் கேரில் 300-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
– மதுரை

மாறாதீர்கள். மாறவே மாறாதீர்கள். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, வரும்போதெல்லாம் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. உங்கள் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை, ஆனால் நான் சொல்கிறேன்: வாசல் கதவுக்குப் பக்கத்திலோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலோ, ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவிலோ இருக்கும். ஏன் அங்கே? கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் கையில் இருந்த ஃபைபர் அந்த இடத்தோடு முடிந்திருக்கும், அவனுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. நீங்களும் ஒயர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று விட்டிருப்பீர்கள். அப்புறம் அந்த அலை கான்கிரீட் தளத்தைத் துளைத்து, இரும்பு பீரோவைத் தாண்டி மாடிக்கு வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேன் கேபிள் செருகி அளந்து பாருங்கள். 90-க்கு மேல் வந்தால் கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, மிச்சம் உங்கள் வீட்டுக்குள் தொலைகிறது. 300-க்கு மாறினாலும் மாடியில் அதே 6, 7-தான் வரும். மாதம் கூடுதலாகக் கட்டும் பணம் தண்டம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. இன்னொரு கூத்தும் உண்டு. மலிவான ரவுட்டர்களில் லேன் போர்ட் 100-ஐத் தாண்டாது, சிலதில் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற மெதுவான அலைவரிசை மட்டும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு 300 பிளானுக்குப் பணம் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம். ஃபைபரை நீட்டி, ரவுட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டாது, 2.4 தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதில்தான் முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மாடிக்கு ஒரு கேட்6 லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தருவது மட்டும்) வையுங்கள். பழைய ரவுட்டர் பரணில் கிடந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஆயிரத்துச் சொச்சத்துக்கு 2.4, 5 இரண்டும் உள்ள டூயல் பேண்ட் கிடைக்கும். சுவரில் செருகுகிற ரிப்பீட்டரை வாங்காதீர்கள். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மெஷ், அதாவது வைஃபையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரவுட்டர் செட், ஐந்தாறு ஆயிரம் ஆகும்.

நாலு பேர் வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம். 4கே படத்துக்கு 15 முதல் 25, எச்டிக்கு 5, வீடியோ மீட்டிங்குக்கு 3, 4. நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்கள் 100-ஐயே குறைக்கலாம் என்பேன்.

40 எம்பிபிஎஸ் பிளான், ஆனால் டவுன்லோட் 5 எம்பிக்கு மேல் போகவில்லை.
– கரூர்

பிளான் எண் பிட் கணக்கு, டவுன்லோட் காட்டுவது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுக்கவும். சரியாகத்தான் வருகிறது.

டாஸ் லேப்டாப் நாலாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. கடையிலேயே விண்டோஸும் ஆபீஸும் இலவசமாகப் போட்டுத் தருகிறார்களாம்.
– ஈரோடு

டாஸ் லேப்டாப் என்றால் விண்டோஸ் இல்லாமல் வருவது. கடையில் இலவசமாகத் தருவது திருட்டு விண்டோஸ், அதை ஆக்டிவேட் செய்ய ஒரு சின்ன புரோகிராம் ஓட்டுவார்கள், அது என்னென்ன செய்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதே லேப்டாப்பில்தானே நெட் பேங்கிங் பார்ப்பீர்கள்? விண்டோஸோடு வரும் மாடலை வாங்குங்கள். ஆபீஸ் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸ் உண்மையிலேயே இலவசம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும்.

அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், 2014 வாக்கில் வந்தது, சும்மா கிடக்கிறது. தம்பி ஆன்லைன் கிளாஸுக்கு உதவுமா?
– தர்மபுரி

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மலிவான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி ராம் என்றால் 4 ஆக்குங்கள். வகுப்பு பார்க்க, தட்டச்சு பழக ஓடும். அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

எங்கள் கிராமத்தில் ஃபைபர் இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறோம், தினம் 2 ஜிபி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. 5ஜி ஏர்ஃபைபர் போடலாமா?
– பட்டுக்கோட்டை அருகில்

முதலில் ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவரைக் கேளுங்கள், பல இடங்களில் அவரே ஏதாவது ஒரு கம்பெனிக்காக ஃபைபர் கொடுக்கிறார். ஊராட்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது, உங்கள் ஊருக்கு வந்திருந்தாலும் வீட்டுக்கு இணைப்பு கேட்காமல் விட்டிருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் ஏர்ஃபைபர், அதாவது ஒயர் இல்லாமல் 5ஜி டவரிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு. மாடியில் நின்று போனில் 5ஜி எவ்வளவு வருகிறது என்று ராத்திரி எட்டரை மணிக்கு அளந்து பாருங்கள், காலையில் அளக்காதீர்கள். ஃபைபரில் பொதுவாக மாதம் 3300 ஜிபி தருவார்கள், ஏர்ஃபைபரில் ஆயிரம் ஜிபி போல; உங்களுக்கு அதுவே மிச்சம். எதுவானாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், ரவுட்டர் இலவசம் என்பார்கள். ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. ரவுட்டருக்குத் தனி யுபிஎஸ் வாங்கினால் சரியாகுமா?
– கோவை

ஆகலாம். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அதே கம்பெனி நெட் ஓடுகிறதா என்று கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் தெருமுனைப் பெட்டிக்கே பேக்கப் இல்லை, உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. அங்கே ஓடினால் மினி யுபிஎஸ் வாங்குங்கள், ஆயிரத்து ஐந்நூறு வாக்கில் வரும். அடாப்டரில் 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

மழைக்காலத்தில் இடி இடித்து ரவுட்டர் இரண்டு முறை எரிந்துவிட்டது. ஃபைபரில் மின்சாரம் வராது என்கிறார்களே?
– கடலூர்

ஃபைபரில் வராது. பிளக் வழியாக வரும், லேன் ஒயர் வழியாகவும் வரும். சில கேபிள்காரர்கள் தெருவரைக்கும் ஃபைபர் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்குச் செம்பு லேன் ஒயரை மொட்டைமாடி வழியாக இழுக்கிறார்கள். உங்களுக்கு அப்படியா என்று போய்ப் பாருங்கள், அப்படியென்றால் வீடு வரைக்கும் ஃபைபர் கேளுங்கள், தராவிட்டால் ஆளை மாற்றுங்கள். அதுவரை இடி கேட்டதும் பிளக், ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். ரவுட்டர் மாடல் எண்ணையும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.