பாலாடை அளவும் மருந்தின் அளவும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவர் பதில்

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. காய்ச்சலுக்கு 5 மில்லி பாரசிட்டமால் சிரப் கொடுக்கும்படி மருத்துவர் எழுதித் தந்திருந்தார். அந்தப் புட்டி தீர்ந்துபோன இரவில், ஊரிலிருந்து வந்த மகள் விட்டுச் சென்ற வேறொரு பாரசிட்டமால் புட்டியிலிருந்து அதே 5 மில்லியை வெள்ளிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். அளவு இரட்டிப்பாகிவிட்டது என்று மருமகள் பதறினாள். ஒரே மருந்துதானே, எங்கே தவறு?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: மருந்து ஒன்றுதான், ஆச்சி, அதன் செறிவுதான் வேறு. பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளதாகவும், 250 மி.கி. உள்ளதாகவும் கடைகளில் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மி.கி. அடங்கியிருக்கும். ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பதே கணக்கு. 11 கிலோ எடையுள்ள உங்கள் பேரனுக்கு 110 முதல் 165 மி.கி. போதும். 125 மி.கி. புட்டியில் அது 5 மில்லி, 250 மி.கி. புட்டியில் இரண்டரை மில்லி. சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 5 மில்லி ஊற்றியிருந்தால் 500 மி.கி. உள்ளே போயிருக்கும்.

ஒரு வேளை இரட்டிப்பாகக் கொடுத்ததால் உங்கள் பேரனுக்குக் கேடு வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே அளவு தொடர்ந்திருந்தால் ஒரு நாளில் 1000 மி.கி. ஆகியிருக்கும். கிலோவுக்கு 60 மி.கி. என்ற வழக்கமான நாள் வரம்பின்படி அவனுக்கு 660 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மிகுதியான பாரசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே விளையாடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அளவு வெகுவாக மிஞ்சிவிட்டது எனத் தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாகப் பலன் தரும்.

பாலாடையைப் பாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் அளவுக் கோடு கிடையாது. அடுக்களைக் கரண்டியும் வீட்டுக்கு வீடு வேறுபடும். புட்டியோடு வரும் மூடிக் குவளையையோ, மருந்துக் கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்தி, குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும்.

வளவு வீட்டில் இன்னொரு சிக்கலையும் கண்டிருக்கிறேன். முகப்பில் ஐயாவும், இரண்டாங்கட்டில் அப்பத்தாவும், அறையில் தாயுமாக ஆளுக்கொரு வேளை மருந்து கொடுத்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மறந்துவிடுவார்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளிலேயே, கொடுத்தவர் நேரத்தையும் அளவையும் எழுதி வைத்தால் போதும். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதால், இரண்டு புட்டிகள் இருந்தால் இரண்டின் சீட்டையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: கசக்கும் மருந்தைத் தேனில் குழைத்தோ பால் புட்டியில் கலந்தோ கொடுக்கலாமா? குழந்தைக்குப் பத்து மாதம்.
(வாசகர், காரைக்குடி)

பதில்: ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். முழுப் புட்டிப் பாலில் கலந்தால், குழந்தை பாதியில் நிறுத்தும்போது எவ்வளவு மருந்து போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தைத் தனியாகக் கொடுத்துவிட்டு, பின்னர் தாய்ப்பால் கொடுக்கலாம். மிட்டாய் என்று மட்டும் சொல்லிப் பழக்காதீர்கள். நடக்கத் தொடங்கியதும் அந்த மிட்டாயைத் தானே தேடி எடுத்துவிடும்.

கேள்வி: மூத்தவளுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் மீதி இருக்கிறது. இளையவனுக்கும் இருமல். அதைக் கொடுக்கலாமா? அல்லது இருமல் மருந்து வாங்கலாமா? அவனுக்கு ஒன்றரை வயது.
(வாசகி, புதுவயல்)

பதில்: இரண்டும் வேண்டாம். தூளில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் அந்த சிரப், குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாலும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குமேல் வீரியம் தாங்காது. மேலும் சாதாரண சளி இருமல் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புக்கிடையே சதை உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காலைவரை காத்திராமல் அன்றிரவே மருத்துவரிடம் காட்டுங்கள்.