ரை மரபணு இருக்கட்டும், யூனிஃபார்ம் ஏன் இன்னும் பொருந்துகிறது?

கேள்வி: மகளும் மருமகனும் மலேசியாவில். 12 வயதுப் பேத்தி தேவகோட்டையில் என்னிடம் வளர்கிறாள். இராத்திரிக்குப் பெரும்பாலும் சப்பாத்திதான். இப்போதைய கோதுமையில் ரை என்ற வேறு பயிரின் மரபணுவைச் சேர்த்துவிட்டார்கள், அது பிள்ளைகளின் குடலையும் ரத்தத்தையும் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பேத்திக்கு வயிறு உப்புசம், முடி கொட்டுகிறது, கன்னத்தில் வெள்ளைத் தேமல், அடிக்கடி வாய்ப்புண். மருந்துக்கடையில் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்கி நான்கு மாதமாகப் பாலோடு கொடுக்கிறேன், ஹீமோகுளோபின் 8.4-லேயே நிற்கிறது. மூன்று வாரமாகச் சப்பாத்தியை நிறுத்திவிட்டுச் சம்பா கோதுமைக் கஞ்சி கொடுக்கிறேன். போன வருட யூனிஃபார்மே சரியாக இருக்கிறது, தையல் கூலி மிச்சம் என்கிறார் அவள் ஐயா. நான் போட்ட சாப்பாட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதா? மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

பதில்: ஆச்சி, நீங்கள் சுட்டுப்போட்ட சப்பாத்தியில் இருந்த ரை மரபணு உங்கள் பேத்தியை ஒன்றும் செய்யவில்லை. மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் தையல் கூலி மிச்சமான விஷயத்தை என்னால் சிரித்துவிட்டு விட முடியவில்லை.

12 வயதில் பெண்பிள்ளைக்கு ஒரு வருடத்தில் பாவாடை ஏறியிருக்க வேண்டும், தோள்பட்டை பிடித்திருக்க வேண்டும். வருடத்துக்கு 5 செ.மீ.யாவது வளர வேண்டிய வயது இது. வளர்த்தியும் நின்று, இரும்புச்சத்து கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றால் குடல் சத்தை உறிஞ்சுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மாத்திரையைப் பாலோடு கொடுத்தது தப்பு. பால் இரும்பைச் சேரவிடாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறும். சரி, ரத்தம் ஏறாததற்குப் பாலைக் காரணம் சொல்லலாம். உயரம் ஏறாததற்கு எதைச் சொல்வது?

நான் சந்தேகப்படுவதில் ஒன்று சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் புரதத்தைக் கண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும். வடநாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு உண்டு; நம் பக்கம் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே பல வருடம் பூச்சி மாத்திரையிலும் டானிக்கிலும் ஓடிவிடுகிறது. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, சீலியாக்கைக் காட்டும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் மொத்த ஐஜிஏ அளவும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும்.

அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டில் கோதுமை இல்லாவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று பரிசோதனை காட்டிவிடும். இணையத்தைப் பார்த்து உணவை மாற்றுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உங்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம்: சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. நிறுத்தியதாக நினைத்தீர்களே தவிர நிறுத்தவில்லை. ரத்தம் எடுக்கும்வரை பழையபடி சப்பாத்தியே போடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தியில் பாதி நிஜம், அதனால்தான் பயம் காட்டுகிறது. ரை என்பது ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் விளையும் தானியம். கோதுமையின் தண்டிலும் இலையிலும் செங்காவிப் பொடியாகப் பூக்கும் துரு நோயை அது நன்றாகத் தாங்கும். போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஜெர்மனியில் இரண்டையும் கலப்பினம் செய்ததில், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான கோதுமையின் 42 குரோமோசோம்களில் ஒரே ஒரு ஜோடியின் ஒரு பக்கத் துண்டு மட்டும் ரையுடையதாக அமைந்த வகை கிடைத்தது. அந்தத் துண்டில் தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் நான்கையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்தன. அந்தத் துண்டு உலகமெங்கும் பரவி, 1995-ல் வெளியான பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகத்தோடு பஞ்சாப் வயல்களிலும் விளைந்தது. நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். 1998-ல் உகாண்டாவில் கண்டுபிடித்த புதுத் துருப்பூஞ்சை அந்தத் தண்டுத் துரு எதிர்ப்பையே உடைத்துவிட்டது. அது விவசாயிகளும் விஞ்ஞானிகளும் படவேண்டிய கவலை.

மரபணு நம் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளுமா என்றால், ஆட்டுக்கறி சாப்பிட்டு யாருக்கும் கொம்பு முளைத்ததில்லை. அந்த ரைத் துண்டோடு செகலின் என்ற புரதமும் வரும். மாவு பிசுபிசுக்கிறது என்று ரொட்டி சுடுகிறவர்கள் அலுத்துக்கொள்வது அதனால்தான். சீலியாக் இருப்பவருக்குச் செகலின் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் அவருக்குக் கோதுமையின் சொந்தக் குளூட்டனே ஆகாதே! ரை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பாட்டன் காலத்து விதை என்றாலும் விலக்கவேண்டியதுதான்.

தேமலும் முடி கொட்டுவதும் இப்போதைக்குக் கிடக்கட்டும்.

பரிசோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்தால் குடல் மருத்துவர் உறுதி செய்வார். பிறகு கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆயுசுக்கும் கிடையாது. உங்கள் வீட்டுச் சமையலில் இது பெரிய கஷ்டமில்லை. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, தேன்குழல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ரங்கூன் புட்டு ரவையில் செய்வது, அது ஆகாது. யாரும் நினைக்காத இடம் பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கோதுமை அரைத்த மில்லிலேயே பச்சரிசியும் அரைத்தால் மாவு கலந்துவிடும். நோய் இல்லை என்று வந்தாலும் வளர்த்தி ஏன் நின்றது என்ற கேள்வி பாக்கி இருக்கும்; தைராய்டிலிருந்து ஒவ்வொன்றாக மருத்துவர் பார்ப்பார்.

போகும்போது பள்ளியில் குறித்துவைத்த பழைய உயரம், எடைக் கணக்கு இருந்தால் எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டையையும்.